வெளிச்சத்துல நீந்துற ரோபோ வந்தாச்சு, கீமோ வேண்டாம்னு ஃபார்வர்ட் பண்றவங்களுக்கு ஒரு த்ரெட்

மெட்டல் சிலந்தி மாதிரி ஒண்ணு ரத்தத்துல ஓடி கேன்சரைக் கடிச்சுத் தின்னுற வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். அது கிராபிக்ஸ். நிஜமா இருக்கிறது ஒரு மஞ்சள் பொடி.

2022 ஜனவரியில 'சயின்ஸ் ரோபாட்டிக்ஸ்' இதழ்ல வந்த ஆய்வு அது. ஜெர்மனி, ஸ்டட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள்ல வருண் ஸ்ரீதர், ஃபிலிப் போட்ஜாஸ்கி குழு செஞ்சது. பொருள் பேரு கார்பன் நைட்ரைடு. மோட்டார், பேட்டரி, சிப் எதுவும் கிடையாது. சில மைக்ரான் சைஸ் துகள். வெளிச்சம் படுற பக்கம் ரசாயன வினை நடக்குது, மறுபக்கம் நடக்கல. அந்த ஏற்றத்தாழ்வுதான் தள்ளுது.

இதுல என்ன பெருசுன்னு கேட்டா, உப்பு. முன்னாடி இருந்த டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களுக்குப் புற ஊதாக் கதிர் வேணும், அது செல்லுக்குக் கெடுதல். பல துகள்களுக்கு எரிபொருளா ஹைட்ரஜன் பெராக்சைடு வேற ஊத்தணும். உப்புத் தண்ணியில விட்டா நின்னுடும். நம்ம ரத்தமே உப்புத் தண்ணிதானே? கார்பன் நைட்ரைடுல நுண்துளைகள் இருக்கு, உப்பு அயனிகள் உள்ளே புகுந்து போயிடும். அதனால சாதாரண வெளிச்சத்துலயே நீந்துது. டாக்சோரூபிசினையும் சுமந்துட்டுப் போய் விடுது.

டாக்சோரூபிசின் என்ன தெரியுமா? கீமோ வார்டுல ஏத்துற அந்த சிவப்பு மருந்து! கீமோ வேண்டாம்னு நீங்க பரப்புற ரோபோ சுமக்குறதே கீமோ மருந்துதான் சாமி.

இதெல்லாம் நடந்தது லேப்ல, மைக்ராஸ்கோப்புக்குக் கீழ. மனுஷன் மேல இல்ல. ஏன்னு நீங்களே பாருங்க. போன் டார்ச்சை விரல் நுனியில வைங்க, சிவப்பாத் தெரியும். வயித்துல வைங்க. மறுபக்கம் ஏதாச்சும் வருதா? கல்லீரலுக்கு யார் டார்ச் அடிக்கிறது?

ஆர்.கே.பேட்டை பக்கம் தறி ஓட்டுற அம்மா ஒருத்தர், மார்புல கட்டி. பயாப்சிக்கு எழுதிக் குடுத்து ரெண்டு மாசம், போகல. "இது எப்ப சார் வரும், அதுவரைக்கும் தாங்குமா?"ன்னு பையன் இந்த வீடியோவைக் காட்டுறான். தம்பியைத் திட்ட எனக்கு மனசு வரல. லைக்குக்காக இதை வெட்டி ஒட்டிப் போட்டவங்களைத்தான் கேக்குறேன். அந்த ரெண்டு மாசத்தைத் திருப்பிக் குடுப்பீங்களா?

"அப்போ ஆராய்ச்சியே வேஸ்டா டாக்டர்?"ன்னு கமெண்ட்ல வருவீங்க. இல்லீங்க. வெளிச்சம் தானா உள்ளே போற உறுப்பு ஒண்ணு இருக்கு, கண்ணு. அதை மனசுல வச்சும் ஒளியில நீந்துற துகள்கள் செய்றாங்க. நம்ம பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.ல அம்பரீஷ் கோஷ் குழு வெளிச்சத்தை விட்டுட்டுக் காந்தத்தைப் பிடிச்சாங்க. காந்தப்புலம் சதையைத் தாண்டும். அவங்க 2022ல காட்டினது பல்லுக்குள்ள இருக்கிற நுண்குழாய்ல போற நானோ ரோபோ. பல்லுன்னா ஷேர் ஆகாது போல.

அந்த அம்மாவுக்கு இப்ப வேண்டியது ஒரு ஊசி பயாப்சி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு மறுபடி எழுதிக் குடுத்திருக்கேன். உங்க வீட்டுலயும் கட்டியை வச்சுக்கிட்டு யாராச்சும் காத்திருந்தா, நாளைக்கே ஓ.பி.க்குக் கூட்டிட்டு வாங்க.