பட்டன் போனும் மல்லாட்டைக் காசும்

கேள்வி: "எங்களுக்கு 2 ஏக்கர். கொல்லையில் மல்லாட்டை, நன்செய்யில் நெல். என்னிடம் இருப்பது பட்டன் போன்தான். ஆதாரில் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பர் இருக்கிறது. நெல் கொள்முதல் பதிவுக்குப் போனால் ஓ.டி.பி. அவனுக்குப் போகிறது. அவன் ஷிப்டில் இருந்தால் போனை எடுப்பதில்லை. மல்லாட்டைக் காசையும் போனிலேயே போட்டுவிடுகிறேன் என்கிறார் வியாபாரி. ஸ்மார்ட் போன் வாங்கியே தீர வேண்டுமா?"
– வாசகி, ஸ்ரீமுஷ்ணம் வட்டாரம்

இந்த வாசகிக்கு முதல் தேவை புதுப் போன் அல்ல, சொந்த நம்பர். ஓ.டி.பி. சாதாரண குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது. அதற்கு இன்டர்நெட் வேண்டியதில்லை. பேசுவதற்கு டவர் கிடைக்கும் இடத்தில் பட்டன் போனுக்கும் வந்துவிடும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கான ஆன்லைன் பதிவு, பி.எம். கிசான் கே.ஒய்.சி., விவசாயிகளுக்கான தனி அடையாள எண் என எல்லாமே இப்போது போன் நம்பரைச் சுற்றித்தான் நடக்கின்றன. பட்டா அம்மா பெயரில், பாஸ்புக் அம்மா பெயரில், நம்பர் மட்டும் மகன் பெயரில் என்றால் ஒவ்வொரு முறையும் திருப்பூரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். பி.எம். கிசானில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது. கே.ஒய்.சி. முடிக்காததால் அந்தத் தவணை நின்று போன குடும்பங்கள் உண்டு.

ஆதாரில் நம்பர் மாற்ற ஆதார் சேவை மையத்துக்குப் போக வேண்டும். கைரேகை வைத்தால் போதும், பழைய நம்பர் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊருக்கு வரும் தபால்காரரிடமும் கேட்டுப் பார்க்கலாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் 2021 முதல் தபால்காரர் மூலமாகவே இந்த வேலையைச் செய்து தருகிறது. வங்கிக் கணக்கில் நம்பர் மாற்றுவது தனி வேலை, அதற்குக் கிளைக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றோடு நின்றுவிடுவோர்தான் அதிகம்.

ரீசார்ஜ் செய்யாமல் போட்ட சிம்மும் ஆபத்துதான். துண்டிக்கப்பட்ட நம்பர் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அதன் பிறகு இவர் கணக்கின் ஓ.டி.பி. யாரோ ஒருவர் கைக்குப் போகும். ஜியோ சிம் போட நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த நிறுவனத்துக்கு 2ஜி கிடையாது, ஆகவே பழைய பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. 4ஜி பட்டன் போன் தேவை. 2023-இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் அந்த வகை, அதில் பணம் அனுப்பும் வசதியும் உண்டு.

அடுத்தது விலை. கம்பியில்லாத் தொடர்பில் விவசாயிக்கு விலை சொல்லும் வேலை ஸ்மார்ட் போனோடு தொடங்கியது அல்ல. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம் பக்கத்துப் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாக வைத்து கிராம அறிவு மையங்களை ஆரம்பித்தது. டெலிபோன் லைன் சரியில்லாத ஊர்களுக்கு ரேடியோ அலை வழியாகவே தகவல் போனது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

கேரள மத்திக் கதையையும் பலர் சொல்வார்கள். 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரைக்கு செல்போன் வந்தபோது, மீனவர்கள் படகிலிருந்தே பல துறைகளில் விலை கேட்டு, நல்ல விலை உள்ள இடத்தில் கரை ஒதுங்கினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் இதைக் கணக்கெடுத்து 2007-இல் வெளியிட்டார். மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, மீன் விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது, வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றே போனது. ஆனால் இதை மல்லாட்டைக்கு அப்படியே பொருத்த முடியாது. படகு எந்தத் துறைக்கும் திரும்பலாம். விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய விவசாயி, விருத்தாசலத்தில் மூட்டைக்கு 300 ரூபாய் கூடுதல் என்று போனில் பார்த்தாலும் அந்த வியாபாரிக்கே போட வேண்டியிருக்கிறது. போன் விலையைச் சொல்லும், கடனை அடைக்காது. விலை பார்க்கும் பழக்கத்தால் பயன் வேண்டுமானால் முன்பணத்தைக் கூட்டுறவுச் சங்கக் கடனாக மாற்றிக்கொள்வதுதான் வழி. மீனைப் போல அல்லாமல் மல்லாட்டையை நன்றாகக் காயவைத்துச் சில வாரம் வைத்திருக்கலாம் என்பது நமக்குச் சாதகம்.

பட்டன் போனில் விலை கேட்க கிசான் கால் சென்டர் இருக்கிறது. 1800-180-1551 என்ற கட்டணமில்லா நம்பரில் காலை 6 முதல் இரவு 10 வரை தமிழிலேயே பேசலாம். ஸ்மார்ட் போன் உள்ள அக்கம்பக்கத்தார் இருந்தால் 2018-இல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலியில் சந்தை விலை, விதை இருப்பு, உர இருப்பு எல்லாம் பார்க்கச் சொல்லலாம். அதில் காணும் விலை ஏற்கெனவே நடந்து முடிந்த வியாபாரத்தின் விலை. ஈரப்பதம் கூடுதலாக இருந்தாலோ, காயை உடைத்தால் பருப்பு குறைவாக இருந்தாலோ அந்த விலை கிடைக்காது. அதைக் காட்டி வியாபாரியிடம் சண்டைக்குப் போவதில் பலனில்லை.

மத்திய அரசு 2016 ஏப்ரல் 14-இல் தொடங்கிய இ-நாம் திட்டத்தில் சேர்ந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விளைபொருளின் தரத்தைப் பரிசோதித்துப் பதிவு செய்கிறார்கள். வெளியூர் வியாபாரி தன் போனிலிருந்தே விலை கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். அதே உள்ளூர் வியாபாரிகள் மூன்று பேரே போனிலும் விலை போட்டால், மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்த பேரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அன்று எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள விவசாயிக்கு எல்லா உரிமையும் உண்டு.

பணம் வாங்கும் இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். "பணம் வரவு வைக்கப்பட்டது" என்று வரும் குறுஞ்செய்தி பணமாகிவிடாது. அதுபோலப் போலியாக யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். வங்கியின் மிஸ்டு கால் நம்பரில் இருப்பைப் பார்த்த பிறகே மூட்டையை வண்டியில் ஏற்றவிட வேண்டும். பணம் வாங்க பின் நம்பர் போடத் தேவையில்லை, கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. அவை இரண்டும் பணம் கொடுப்பவர் செய்யும் வேலை. "பின் நம்பர் போட்டால்தான் காசு வரும்" என்று யாராவது சொன்னால் அவர் நம் காசை எடுக்கப் பார்க்கிறார். பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை மகன் போனிலும் திறக்கக் கூடாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் அந்த நிமிடமே 1930-க்கு அழைக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

பட்டன் போனிலிருந்து பணம் அனுப்பவும் வழி உண்டு. *99# அழுத்தினால் இன்டர்நெட் இல்லாமலே வேலை நடக்கும். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்த யு.பி.ஐ. 123பே-யில் பேசியே அனுப்பலாம். இரண்டுக்கும் வங்கியில் பதிந்த நம்பரே போனில் இருக்க வேண்டும்.

டவர் சரியில்லாத இடத்தில் யு.பி.ஐ.யில் அனுப்பினால் இங்கே பணம் பிடிபட்டு, அங்கே போய்ச் சேராமல் நடுவில் நிற்பதுண்டு. உடனே மறுபடி அனுப்பக் கூடாது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியது சேரவில்லை என்றால் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது என்றால் 5 நாளுக்குள்ளும் பணம் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். இதைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுத்தால் கிளையில் பேச்சு மாறும். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஆக, இந்த வாசகி இப்போதைக்கு ஸ்மார்ட் போனுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. தன் பெயரில் ஒரு சிம், ஆதாரில் அந்த நம்பர், பாஸ்புக்கில் அந்த நம்பர், இந்த மூன்றையும் நெல் கொள்முதல் பதிவு தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். கணக்கு இவர் பெயரிலும் ரேகை இவர் விரலிலும் இருப்பதால், இதற்காக மகன் லீவு போட்டு ஊருக்கு வர வேண்டிய அவசியமும் இல்லை.