பிழைகளைப் படித்த பேராசிரியை

பிள்ளையின் பரீட்சைத் தாளில் சிவப்பு வட்டங்களைப் பார்த்ததும் நம் வாயில் என்ன வரும்? ‘கவனமே இல்லை!’

அந்த வட்டங்களுக்குள் இருக்கும் தப்புகளையே பாடமாக எடுத்துப் படித்தவர் ஒருவர் இருந்தார். அமெரிக்கப் பேராசிரியை மினா ஷாக்னஸி.

நியூயார்க்கின் ஹார்லெமில் இருக்கிறது சிட்டி காலேஜ். காசில்லாத வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று 1847-ல் தொடங்கிய இலவசக் கல்லூரி. ஆனால், மதிப்பெண் வடிகட்டியதில், அக்கம்பக்கத்துக் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்களில் சிலருக்கே இடம் கிடைத்தது. 1969-ல் மாணவர்கள் வளாகத்தைக் கைப்பற்றிப் போராடினார்கள். அடுத்த ஆண்டே, நகரில் பள்ளிப்படிப்பை முடித்த எல்லோருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தின் கதவு திறந்தது.

உடனே, ‘தரம் போச்சு’ என்று கூச்சல் கிளம்பியது. புது மாணவர்களின் பிழை மலிந்த எழுத்தைத்தான் அதற்குச் சாட்சியாகக் காட்டினார்கள்.

அவர்களுக்கு எழுதக் கற்றுத்தரும் பொறுப்பு மினாவுக்கு. முதல் கட்டுரைகளைப் பார்த்து அவரும் திகைத்துத்தான் போனார். ஆனாலும் விடவில்லை. சுமார் 4,000 கட்டுரைகளை அலசினார். தப்புகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பது புரிந்தது. ‘பாய்’ பலரானால் ‘பாய்ஸ்’ என்று கற்றவர், பலர் போகிறார்கள் என்பதற்கும் ‘தே கோஸ்’ என்று எழுதக்கூடும். தப்புதான். ஆனால், யோசித்துச் செய்த தப்பு. தப்பு வந்துவிடுமோ என்ற பயமே பலரின் பேனாவைக் கட்டிப்போட்டதையும் கண்டார்.

‘இவர்கள் எழுத்துக்குப் புதியவர்கள், அவ்வளவுதான். முதலில் ஆசிரியர் மாறட்டும்’ என்பதே அவர் நிலை. டாக்டர் பட்டம் இல்லாத அவர் 1977-ல் வெளியிட்ட ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’, எழுத்து கற்பிப்பவர்களின் அடிப்படை நூல்களில் ஒன்றானது.

அதற்குள் நிலைமை மாறியிருந்தது. நகரின் நிதி நெருக்கடியில், 129 ஆண்டு இலவசக் கல்வி 1976-ல் முடிவுக்கு வந்தது. 1978-ல் புற்றுநோய் மினாவையும் கொண்டுபோனது. வயது 54.

கல்லூரிக் கதவைத் திறப்பதும் மூடுவதும் அரசியல். உள்ளே வந்தவரை உட்காரவைப்பது ஆசிரியர். மினா செய்தது அதைத்தான்.

அடுத்த முறை பிள்ளையின் நோட்டில் சிவப்பு வட்டம் கண்ணில் பட்டால், ‘ஏன் தப்பா எழுதினே?’ என்று கேட்காமல், ‘இதை எப்படி யோசிச்சு எழுதினே?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை பேச ஆரம்பிக்கும்.