அழிக்கத் துணிந்த கை

உயர்ந்த கலைப்படைப்பு ஒன்றைக் கண்டதும், "இஃது உள்ளுணர்வின் பேறு" என்று கூறி அமைதி கொள்வோர் நம்மிடையே பலர். அக்கூற்று பிழையன்று. ஆயினும், உள்ளுணர்வு ஒரு கணத்தில் மின்னலெனத் தோன்றி முழுவதையும் காட்டிவிடும் என்று கொள்வோமாயின், கலைஞனின் உழைப்பை அறியாதவராவோம். அது தொழிற்படும் விதத்தைப் படிப்படியாகக் காட்டும் அரிய சான்று ஒன்றுண்டு. பப்ளோ பிக்காஸோ தீட்டிய 'குவேர்னிக்கா' என்னும் பெருஞ்சித்திரமே அது.

1937 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெறவிருந்த உலகக் கண்காட்சியின் ஸ்பானிய மண்டபத்துக்குச் சித்திரமொன்று தருமாறு அவ்வாண்டு ஜனவரியில் ஸ்பானியக் குடியரசு அவரை வேண்டியது. மாதங்கள் சென்றன, பொருள் கைகூடவில்லை. ஓவியனும் அவன்முன் அமர்ந்த பெண்ணும் என்னும் பழகிய பொருளையே ஏப்ரலில் வரைந்து பார்த்தார். அம்மாதம் 26 ஆம் திகதி, பாஸ்க் நாட்டுக் குவேர்னிக்கா நகர்மீது ஜேர்மனிய, இத்தாலிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. மே முதலாம் திகதி பிக்காஸோ பென்சிலை எடுத்தார். அன்றைய கோடுகளிலேயே எருதும் குதிரையும் விளக்கேந்திய பெண்ணும் தோன்றிவிட்டனர்.

உள்ளுணர்வின் முதற்கொடை அது. உழைப்பு அதன் பின்னரே தொடங்கிற்று. ஏறக்குறைய 3.5 மீற்றர் உயரமும் 7.8 மீற்றர் நீளமுங் கொண்ட துணியில் மே 11 ஆம் திகதியளவில் அவர் வரையலானார். சித்திரம் வளர்ந்த நிலைகளை டோரா மார் என்னும் பெண்மணி புகைப்படங்களாக எடுத்து வைத்தார். அவற்றை வரிசையாக நோக்குவோர்க்கு வியப்பொன்று காத்திருக்கிறது.

முதல் நிலையில், வீழ்ந்து கிடக்கும் வீரனின் கை வானோக்கி நிமிர்ந்து நிற்கிறது. விரல்கள் முட்டியாக இறுகியுள்ளன. அது குடியரசுப் படையினரின் வணக்கம். அடுத்த நிலையில் அம்முட்டி கதிர்களைப் பற்றியிருக்கிறது. அதன்பின் பெருஞ்சூரியன் ஒளிர்கிறது. சித்திரம் கேட்டவர்கள் மகிழ்ந்திருப்பர்; காண்போரும் ஆறுதல் பெற்றிருப்பர். ஆனால் அடுத்தடுத்த நிலைகளில் கை மறைந்துவிடுகிறது. சூரியன் சுருங்கிக் கண்ணின் வடிவு பெறுகிறது. ஈற்றில் அதனுள்ளே மின்குமிழ் ஒன்று எரிகிறது. கவிழ்ந்திருந்த குதிரையின் தலை நிமிர்ந்து கதறுகிறது. எருது உடலைத் திருப்பிக்கொள்கிறது. வண்ணக் காகிதங்களை ஒட்டிப் பார்த்து அவற்றையும் அகற்றினார். எஞ்சியவை கருமையும் வெண்மையும் சாம்பல் நிறமுமே. ஜூன் முற்பகுதியில் சித்திரம் நிறைவெய்தியது.

இது மனத்தடுமாற்றமன்றோ எனச் சிலர் வினவலாம். தடுமாறுபவன் முன்னும் பின்னும் அலைவான். இங்கோ முதல்நாளில் வந்த எருதும் குதிரையும் விளக்கும் இறுதிவரை நிலைத்தன. நீங்கியவை, பார்ப்போர்க்கு எளிதில் ஆறுதலளிக்கக் கூடியவை. மாண்டோர் நடுவே வெற்றி முட்டி உயர்ந்து நிற்பது அவர்தம் துயருக்கு உண்மையாகாது என்பதைக் கை உணர்ந்தது என்றே நாம் கருதுகிறோம். கொள்கையில் அவர் குடியரசின் பக்கமே நின்றார். எனினும் கொள்கை முழக்கத்தைச் சித்திரம் ஏற்கவில்லை.

எழுதுவோர்க்கும் வரைவோர்க்கும் இதிற் பாடமுண்டு. தீயதை அழிப்பது எவர்க்கும் இயலும். அழகாக அமைந்துவிட்டதை, பிறர் பாராட்டத்தக்கதை, பொருளுக்கு ஒவ்வாதெனக் கண்டவுடன் அழிப்பதே அரிது. முதலில் வந்த வரியைத் தெய்வவாக்கெனப் போற்றி ஒரு சொல்லையும் மாற்ற மறுப்பவர், உள்ளுணர்வின் பாதியையே அறிந்தவர். தருவதைப் போலவே மறுப்பதும் அதன் குரலே.

நெடுங்காலம் நியூயோர்க்கில் இருந்த அச்சித்திரம், ஸ்பெயினில் மக்களாட்சி மீண்ட பின்னர் 1981 இல் தாயகம் சேர்ந்தது. இன்று மட்ரிட் நகரின் ரெய்னா சோபியா அரும்பொருளகத்தில் அதன்முன் நிற்போர், நீக்கப்பட்ட முட்டியைக் காண்பதில்லை. அது நிமிர்ந்து நின்றிருப்பின், குதிரையின் கதறல் இவ்வளவு தூரம் கேட்டிராது.