"விடுதலை"ப் பேட்டை யாருக்குச் சொந்தம்?

பிரேசில் நாட்டின் மிகப் பெரிய நகரம் சாவோ பாலோ. 2022 கணக்கெடுப்பின்படி, அங்கே 1 கோடியே 14 லட்சம் மக்கள் வசிக்கிறார்கள். இத்தாலியர், ஜப்பானியர், லெபனான்காரர், பொலிவியா நாட்டார் என்று பல தேசத்தாரும் அங்கே குடியேறி இருக்கிறார்கள்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் தவறாமல் செல்லும் பேட்டை ஒன்று உண்டு. அதன் பெயர் "லிபர்டாடே". விடுதலை என்று பொருள்.

அங்கே நுழைந்தால், ஜப்பானுக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும்! சிவப்பு நிறத்தில் பெரிய வாசல் வளைவு. ஜப்பானியப் பாணியில் தெரு விளக்குகள். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை கூடும்.

2018-ல் மாநில அரசு, அங்குள்ள சுரங்க ரயில் நிலையத்துக்கு "ஜப்பான்-லிபர்டாடே" என்று பெயர் சூட்டியது. பிடித்தது தகராறு!

"இது எங்கள் முன்னோர் மாண்ட மண். எங்கள் பெயர் எங்கே?" என்று கறுப்பின மக்கள் கேட்டார்கள்.

தூக்கு மேடை

அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இன்று சந்தை கூடும் சதுக்கத்தில்தான் ஒரு காலத்தில் தூக்கு மேடை நின்றது. அதன் அருகே, 1775-ல் ஒரு இடுகாடு ஏற்பட்டது. அடிமைகளையும், ஏழைகளையும், தூக்கில் இடப்பட்டவர்களையும் அங்கே புதைத்தார்கள்.

1821-ல் சாகஸ் என்ற படைவீரரைத் தூக்கில் போட்டார்கள். சம்பளம் கேட்டுக் கலகம் செய்தார் என்பது குற்றம். கயிறு அறுந்தது. மறுபடியும் கட்டினார்கள். மறுபடியும் அறுந்தது. "லிபர்டாடே! லிபர்டாடே!" என்று கூட்டம் கூவியதாம். அந்தக் கூவலே பேட்டையின் பெயர் ஆயிற்று என்று மக்கள் சொல்கிறார்கள். சாகஸை விடவில்லை, கொன்றே விட்டார்கள்.

பெயர் மாறிய அதே 2018-ல், அங்கே கட்டட வேலை நடந்த இடத்தில் எலும்புக் கூடுகள் கிடைத்தன. பழைய இடுகாடு அது!

ஜப்பானியர் வந்த கதை

ஜப்பானியர் மீது பழி சொல்வதும் சரியல்ல. 1888-ல் பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கொடுக்கவில்லை. காப்பித் தோட்ட முதலாளிகள் வெளிநாட்டுக் கூலிகளைத் தேடினார்கள். 1908-ல் "கசாட்டோ மாரு" என்ற கப்பலில் 781 ஜப்பானியர் வந்து இறங்கினார்கள். தோட்டத்தில் பட்ட துன்பம் தாளாமல் பலர் நகரத்துக்கு ஓடி வந்தார்கள். லிபர்டாடேயில் வாடகை குறைவு. நிலவறைகளில் குடியிருந்தார்கள்.

உலகப் போரின்போது, 1942-ல், அவர்களையும் அங்கிருந்து வெளியேறச் சொன்னது அரசு! அந்தக் காலக் கொடுமைகளுக்காக 2024-ல்தான் பிரேசில் அரசு மன்னிப்புக் கேட்டது.

ஆக, இரு சாராரும் அடிபட்டவர்கள். சுற்றுலாக்காரர்களுக்குப் பிடித்த பெயரை மட்டும் எழுதிவைத்த அதிகாரிகளே சண்டையை மூட்டினார்கள் என்பது நமது கருத்து.

2023-ல் நகர சபை சதுக்கத்தின் பெயரை "லிபர்டாடே ஆப்பிரிக்கா-ஜப்பான்" என்று மாற்றியது.

இடுகாட்டில் இருந்த சிறிய மாதா கோவில் மட்டும் ஒரு முட்டுச் சந்தில் மிஞ்சி நிற்கிறது. சாகஸிடம் வரம் கேட்பவர்கள், சீட்டில் எழுதிச் செருகிவிட்டு, அதன் பழைய மரக் கதவைத் தட்டுவது வழக்கம்.