கிட்டார் என்ன பாவம் செய்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த ஒருவர் போன வாரம் போன் செய்தார். பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார். வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகள் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் புத்தகப் பையில் 'ஸ்பானிஷ் ரொமான்ஸ்' என்று தலைப்பு போட்ட ஒரு தாளைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், வகுப்பு நின்றுவிட்டது.

"வயலின்ல சேத்து விடறேன் டீச்சர், அது நம்ம வாத்தியம். கிட்டாரு லவ் பண்றவங்க வாத்தியம், சினிமால பாக்கறோமே. நீங்களும் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஒரு வார்த்தை என்ன, நிறையவே சொல்கிறேன். அவளிடம் சொல்ல எதுவும் இல்லை. அப்பாக்களிடம்தான் இருக்கிறது.

முதலில் அந்தத் தாள். 'ரொமான்ஸ்' என்பது கிட்டார் படிக்கும் பிள்ளைகள் உலகம் முழுக்க வாசித்துப் பழகும் ஒரு சின்ன உருப்படி. ஸ்பானிய மொழியில் 'ரொமான்ஸே' என்றால் கதைப்பாடல். நம் வீட்டுப் பாட்டிகள் படித்த அல்லி அரசாணி மாலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை இயற்றியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. உலகத்துக்கு இதைப் பிரபலமாக்கியது 1952-இல் ரெனே கிளெமாங் எடுத்த 'விலக்கப்பட்ட விளையாட்டுகள்' என்ற பிரெஞ்சுப் படம். நார்சிசோ யேபெஸ் என்ற ஸ்பெயின்காரர் ஒற்றைக் கிட்டாரில் வாசித்தார். அந்தப் படத்தில் காதலர்கள் கதையா? போரில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்த ஐந்து வயதுப் பெண்குழந்தையும் ஒரு பட்டிக்காட்டுப் பையனும் செத்த பிராணிகளுக்குக் கல்லறை கட்டி விளையாடும் கதை. தலைப்பில் இருந்த ஒரு சொல்லைப் பார்த்து, ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தியிருக்கிறோம்.

அடுத்து, நம் சினிமா. 'மூடுபனி' 1980-இல் வந்தது. பிரதாப் போத்தன் கையில் கிட்டார் வைத்துக்கொண்டு 'என் இனிய பொன் நிலாவே' பாடுவார். குரல் ஜேசுதாஸுடையது. 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை'. 'இளைய நிலா' பாட்டைக் கேட்டு உருகாதவர் நம் பேட்டையில் உண்டா? உருகியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கிட்டாரை வாசித்த ஆர். சந்திரசேகர் பெயர் தெரியும்? நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே எழுதி வைத்த ஸ்வரத்தைப் பார்த்து, ஒரு விரல் பிசகாமல் வாசித்த மனிதர் அவர். திரையில் தெரிந்தது கதாநாயகனின் காதல். திரைக்குப் பின்னால் நடந்தது உழைப்பு. நாம் காதலை மட்டும் பார்த்துவிட்டு, கிட்டார் மேல் பழி போடுகிறோம்.

1964-லேயே 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டுக்கு எம்.எஸ்.வி.யும் வாத்தியக்காரர்களும் ரெக்கார்டிங் செய்வதைக் காட்டினார்கள். அதைப் பார்த்தாவது நமக்குப் புரிந்திருக்க வேண்டும். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வை எழுதித் தேறியவர். பரீட்சை வைக்கிற படிப்பு இது, பொழுதுபோக்கு என்று தள்ளுவதற்கில்லை. அந்த 'ரொமான்ஸ்' உருப்படியையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் கீழ்ச்சுரத்தைப் பிடிக்க வேண்டும், மோதிரவிரல் மெட்டை எடுக்க வேண்டும், நடுவிலுள்ள இரண்டு விரல்கள் இடைவெளியை நிரப்ப வேண்டும். முதல் பாதி மைனர், அடுத்த பாதி மேஜர். இடது கை விரல் நுனி காய்த்துப் போகும். லவ் பண்ணுவதற்கு இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை, பிள்ளைகளா. ஒரு செல்போன் போதும். அதை நீங்களே வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்.

"வயலின் நம்ம வாத்தியம்" என்றாரே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வயலினும் கப்பலில் வந்ததுதான். அது நம் சங்கீதத்துக்குள் நுழைந்ததில் நம் வடசென்னைக்கே பங்கு உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் மணலியில் வாழ்ந்தது. கோட்டையில் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியத்தை அண்ணன் தம்பிகள் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். அண்ணன் அந்த வெள்ளைக்கார மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். "இது பரங்கி வாத்தியம், தொடாதே" என்று அந்த வீட்டில் யாராவது கையைத் தட்டிவிட்டிருந்தால், இன்று நீங்கள் மகளைச் சேர்த்துவிட ஒரு வயலின் வகுப்பு இருந்திருக்குமா?

கடைசியாக ஒன்று. இதே கிட்டாரை மகன் கேட்டிருந்தால்? நமக்குத் தெரியாதா! வாங்கிக் கொடுத்து, போட்டோ எடுத்து, குடும்பக் குழுவில் போட்டு, "ராஜா சார் மாதிரி வருவான்" என்று எழுதியிருப்பீர்கள். நானும் வாழ்த்தியிருப்பேன். பையன் தொட்டால் திறமை, பெண் தொட்டால் காதல். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்? நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பயம் இருந்தால் மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். வகுப்பு எப்படி நடக்கிறது என்று ஒருநாள் கூடப் போய்ப் பாருங்கள். பரீட்சை நேரத்தில் வாசிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், நியாயம். ஆனால் சினிமா கதாநாயகன் செய்ததற்கு உங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தண்டனை கொடுக்காதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். "காலம் கெட்டுப் போச்சு டீச்சர்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு மார்க் கிடையாது.