போட்டியின்றி வந்தார், வாக்கெடுப்பின்றிப் போனார்: நெல்லை மேயர் நாற்காலியில் நடந்தது என்ன?

திருநெல்வேலி மாநகராட்சியில் 55 வார்டுகள். 2022 பிப்ரவரி தேர்தலில் தி.மு.க. மட்டும் 44 வார்டுகளில் ஜெயித்தது. கூட்டணிக் கட்சிகளுக்கு 7, அ.தி.மு.க.வுக்கு 4. இவ்வளவு பெரிய மெஜாரிட்டி இருந்தால் மேயர் ஐந்து வருடமும் நிம்மதியாக உட்காரலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த மன்றம் தேர்ந்தெடுத்த மேயர் பி.எம். சரவணன், இரண்டே கால் வருடத்தில் ராஜினாமா செய்தார்.

அவரை வீழ்த்தியது எதிர்க்கட்சி கிடையாது. எதிர்க்கட்சிக்கு அந்த அளவு ஆளே இல்லை. அப்போ என்னதான் நடந்தது? ஓட்டுப் போட்ட நெல்லை மக்களுக்கு இதில் என்ன பங்கு?

வந்த கதை, போன கதை

16-வது வார்டு கவுன்சிலரான சரவணன், 2022 மார்ச் 4 அன்று போட்டியின்றி மேயரானார். கொஞ்ச நாளிலேயே உரசல் ஆரம்பித்தது. அப்போது கட்சியின் மாவட்டச் செயலாளராக இருந்த பாளையங்கோட்டை எம்.எல்.ஏ. அப்துல் வகாப்புக்கும் மேயருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த செய்தி. மன்றக் கூட்டங்கள் அமளியில் முடிவது வாடிக்கையானது. 2023 மே மாதம் மாவட்டச் செயலாளர் பதவி வகாப்பிடம் இருந்து டி.பி.எம். மைதீன்கானுக்குப் போனது. அப்படியும் சண்டை ஓயவில்லை.

2023 டிசம்பரில் 38 கவுன்சிலர்கள், மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரக் கேட்டு ஆணையரிடம் மனு கொடுத்தார்கள். வார்டுகளில் வேலை நடப்பதில்லை, எங்களைக் கலந்து பேசுவதில்லை என்பது அவர்களின் புகார்.

அதே டிசம்பர் 17, 18 தேதிகளில் பேய்மழை. தாமிரபரணி கரை மீறி ஓடியது. நெல்லை சந்திப்பு பேருந்து நிலையப் பகுதி மூழ்கியது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. ஊர் வெள்ளத்தில் தவித்த அந்த மாதம், மாநகராட்சி மன்றம் இரண்டாகப் பிரிந்து நின்றது.

வாக்கெடுப்பு 2024 ஜனவரி 12 என்று குறிக்கப்பட்டது. அதற்குள் அமைச்சர் தங்கம் தென்னரசு கவுன்சிலர்களிடம் பேசினார். குறித்த நாளில் மன்றத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட வரவில்லை. தீர்மானம் தானாகவே விழுந்தது.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 3 அன்று சரவணனின் ராஜினாமா வெளியே வந்தது. அதே நாளில் கோவை மேயர் கல்பனாவும் ராஜினாமா. ஒரே கட்சி, இரண்டு மாநகராட்சி, ஒரே நாள். ஜூலை 8 அன்று நெல்லை மன்றம் ராஜினாமாவை ஏற்றது. துணை மேயர் கே.ஆர். ராஜு தற்காலிகமாகப் பொறுப்பைக் கவனித்தார்.

30-க்கு 23

ஆகஸ்ட் 5 அன்று புது மேயர் தேர்தல். கட்சி அறிவித்த வேட்பாளர் 25-வது வார்டு கவுன்சிலர் ராமகிருஷ்ணன். ‘கிட்டு’ என்றால் ஊருக்கே தெரியும். சைக்கிளில் வலம் வருபவர் என்று பெயரெடுத்தவர். அவரை எதிர்த்து நின்ற பவுல்ராஜும் தி.மு.க. கவுன்சிலர்தான்.

பதிவானது 54 ஓட்டு. ராமகிருஷ்ணனுக்கு 30, பவுல்ராஜுக்கு 23, ஒன்று செல்லாதது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். அ.தி.மு.க.வின் நாலு ஓட்டும் அப்படியே பவுல்ராஜுக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். மீதி 19 ஓட்டு? அது ஆளுங்கட்சிக் கூட்டணிக்குள் இருந்துதான் போயிருக்க வேண்டும். கோவையில் அடுத்த நாளே ரங்கநாயகி போட்டியின்றி மேயரானார். நெல்லையில் விரிசல் எண்ணிக்கையாகவே வெளியே தெரிந்துவிட்டது.

சரி, மக்கள் எங்கே?

ஒருவர் மேயரானது, அவர் மீது தீர்மானம் வந்தது, அது விழுந்தது, அவர் போனது, இன்னொருவர் வந்தது. இந்த ஐந்து கட்டத்திலும் நெல்லை வாக்காளரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய சட்டமும் இல்லை. ஏன்னா இது மறைமுகத் தேர்தல். மக்கள் கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள். கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

எப்போதும் இப்படியே இருந்ததா என்றால், இல்லை. நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூரும் சேர்ந்து 1994-ல் மாநகராட்சி ஆனது. 1996-ல் நடந்த முதல் தேர்தலில் கவுன்சிலருக்கு ஒரு ஓட்டு, மேயருக்குத் தனியாக இன்னொரு ஓட்டு. அப்படி மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் தி.மு.க.வின் உமா மகேஸ்வரி. சென்னையில் மு.க. ஸ்டாலின் மேயரானதும் அதே தேர்தலில், அதே முறையில்தான்.

அதற்குப் பிறகு விதி மாறிய வேகத்தைப் பாருங்கள்:

2006-ல் மறைமுகத் தேர்தல்.
2011-ல் மறுபடி நேரடித் தேர்தல்.
2016-ல் மறைமுகம் என்று சட்டம் மாறியது, தேர்தலே நடக்கவில்லை.
2018-ல் நேரடி என்று திருத்தம்.
2019 நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் மீண்டும் மறைமுகம்.

தி.மு.க. ஆட்சியிலும் மாறியது, அ.தி.மு.க. ஆட்சியிலும் மாறியது. மைதானத்தில் இறங்கும் முன் விதியை மாற்றும் உரிமை, ஒவ்வொரு முறையும் அப்போதைய ஆளுங்கட்சி கையில் இருந்தது.

நேரடித் தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிடுமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அதற்கும் நெல்லையே சாட்சி. 2011-ல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த விஜிலா சத்தியானந்த், 2014-ல் மாநிலங்களவை எம்.பி. ஆகி டெல்லி போய்விட்டார். இடைத்தேர்தலில் தி.மு.க. போட்டியிடவில்லை. பா.ஜ.க. வேட்பாளர் கடைசி நேரத்தில் வாபஸ் வாங்கினார். அ.தி.மு.க.வின் புவனேஸ்வரி போட்டியின்றி மேயர். நேரடித் தேர்தல் என்று பெயர். ஓட்டுப் பெட்டியே திறக்கவில்லை.

நேரடி மேயருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேயர் ஒரு கட்சி, மன்றத்தில் மெஜாரிட்டி இன்னொரு கட்சி என்று அமைந்தால் கோப்பு நகராது. நாட்டில் ஒரே முறையும் கிடையாது. உத்தரப் பிரதேசத்தில் மக்களே மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மும்பையில் மேயர் பதவிக்காலம் இரண்டரை வருடம். டெல்லியில் ஒரே வருடம்.

ஆக, எந்த முறை என்பதைவிட, அந்த முறை தேர்தலுக்குத் தேர்தல் மாறாமல் இருக்கிறதா, மேயர் ஏன் வந்தார், ஏன் போனார் என்பது மக்கள் முன்னால் பேசப்படுகிறதா என்பதுதான் முக்கியம். 2024 ஜனவரி 12-ல் தவறவிட்டது அதைத்தான். 38 பேருக்குப் புகார் இருந்தது என்றால், அதைச் சொல்ல வேண்டிய இடம் மன்றம். மேயர் பதில் சொல்ல வேண்டிய இடமும் மன்றம். அவரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பது அங்கே பேசி முடிவாகியிருந்தால், புகார் உண்மையா பொய்யா என்றாவது நெல்லைக்குத் தெரிந்திருக்கும். கட்சி தன் வீட்டுச் சண்டையைக் கட்சிக்குள் தீர்த்துக்கொள்ளலாம். வரிப் பணத்தில் நடக்கும் மாநகராட்சியின் கணக்கை அப்படித் தீர்க்க முடியாது.

இதனால் நமக்கென்ன?

மாநகராட்சியில் நிர்வாகத்தை நடத்துபவர் மாநில அரசு நியமிக்கும் ஆணையர். மேயரின் பலம், மன்றத்தைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி, வேலை ஏன் நடக்கவில்லை என்று அதிகாரிகளைக் கேள்வி கேட்பதில் இருக்கிறது. கவுன்சிலர்களின் ஆதரவு இல்லாத மேயரால் அதைச் செய்ய முடியாது.

மேயரே இல்லாத காலமும் நெல்லைக்குத் தெரியும். 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை, ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சிதான். நெல்லை 2017-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். அந்தத் திட்டத்தில் இடித்துக் கட்டிய சந்திப்பு பேருந்து நிலையத்துக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

தாமிரபரணியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லைக்குக் குடிநீர் தரும் ஆறு. ஊரின் சாக்கடை கலப்பதும் அதே ஆற்றில்தான். 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்க்கும் அளவுக்கு நிலைமை போனது. மாநகராட்சி மன்றம் மாதாமாதம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீதிமன்றம் கேட்க வேண்டியதாயிற்று.

இப்போதைய மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முன் அரசு செய்ய வேண்டியது: நேரடியா மறைமுகமா என்பதை எல்லாக் கட்சிகளையும் கூப்பிட்டுப் பேசி ஒருமுறை முடிவு செய்ய வேண்டும். பிறகு தேர்தல் நெருங்கும்போது அதில் யாரும் கைவைக்கக் கூடாது.

வாக்காளர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. மறைமுகத் தேர்தல் தொடர்ந்தால், வார்டில் போடும் ஓட்டுதான் மேயரையும் முடிவு செய்கிறது. எனவே, ரோடும் தெருவிளக்கும் கேட்கும்போது, வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் இதையும் கேட்கலாம்: “மேயரா யாருக்கு ஓட்டுப் போடுவீங்க? நம்பிக்கையில்லாத் தீர்மானம்னு வந்தா, அன்னைக்கு மன்றத்துக்குப் போவீங்களா?”