இலவசம் என்ற வாதம் போதாது

திருவள்ளூர் மாவட்டத்தின் கடம்பத்தூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி வட்டாரச் சிறு தொழிற்கூடங்களில் திறமூல மென்பொருளுக்காகப் பேசுபவர்கள் முதலில் சொல்வது, “இது இலவசம்” என்பதைத்தான். அந்த வாதம் இங்கே எடுபடாது. ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் பல பட்டறைகளில் திறமூல மென்பொருளுக்குப் போட்டி, காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் அல்ல. கிராக் செய்த பிரதி. அதற்கும் காசு இல்லை. போதாததற்கு, ஆபரேட்டருக்கு அது ஏற்கெனவே கைப்பழக்கமானது.

ஆனால், அந்தக் கள்ளப்பிரதியின் விலை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, அறிந்தே அதைப் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வங்கிக் கடன் வாங்கி சிஎன்சி இயந்திரம் போட்டவர் தலைமேல் இந்தக் கத்தி தொங்கக் கூடாது.

முறையாக உரிமம் வாங்கியவருக்கும் நிம்மதி முழுதாகக் கிடைப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன் பிறகும் பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமென்றால் நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு கணினி ஒன்றுக்கு 61 டாலர். இரண்டாம் ஆண்டு 122. மூன்றாம் ஆண்டு 244. அளவுக் கருவியோடு இணைந்து ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும் கணினியை எப்போது மாற்றுவது என்பதை முதலாளி முடிவு செய்யவில்லை. மென்பொருளை விற்றவர் முடிவு செய்கிறார். 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைக் காரணமாகக் கொண்டு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியபோது, நயாரா எனர்ஜி போன்ற பெரிய எண்ணெய் நிறுவனமே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சேவை திரும்பிவிட்டது. ஆனால், வழக்குப் போடும் வசதி லேத் பட்டறைக்கு ஏது? திறமூல மென்பொருளின் வணிக நியாயம் இங்கேதான் இருக்கிறது: எப்போது மாற்றுவது, யாரிடம் பழுது பார்ப்பது என்கிற முடிவு வாங்கியவர் கையில் இருக்கும்.

அந்த முடிவைச் செயல்படுத்த ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களை உருவாக்க ஒரு வாய்ப்பு நமக்கு இருந்தது. மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று இதே காக்களூரில்தான் தொடங்கிவைத்தார். அந்தக் கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளமும் இருந்தது. லினக்ஸைப் பெட்டிக்குள் வைத்தோம், பாடத்துக்குள் வைக்கவில்லை. கேரளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூலையே கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதியது. அங்கே அது நிலைத்தது. நம் தொழிற்பேட்டைகளில் லினக்ஸ் தெரிந்த ஆள் சுலபமாகக் கிடைக்காததற்கு அந்தத் தவறவிட்ட வாய்ப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வது பொறுப்பற்ற யோசனை. வாகன நிறுவனம் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைபடம் அனுப்பினால் கேட்டியாவில்தான் திறக்க வேண்டும். அங்கே பிடிவாதம் பிடித்தால் ஆர்டர் போய்விடும். கணக்குப் பகுதியிலும் அவசரம் வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தச் சுவடு (ஆடிட் டிரெயில்) கட்டாயம். அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் 5 கோடி ரூபாய் விற்றுமுதலைத் தாண்டியவர்களுக்கு மின் விலைப்பட்டியலும் கட்டாயம். இப்படி விதி மாறும்போதெல்லாம் டேலி தன் அடுத்த பதிப்பைக் கொடுத்துவிடுகிறது. கணக்காளருக்கும் அது பழகியது. கடிதம், கொட்டேஷன் போட லிப்ரே ஆஃபீஸ், கோப்புச் சேமிப்புக்கும் பேக்கப்புக்கும் லினக்ஸ் சர்வர், ஸ்டாக்குக்கும் உற்பத்திக் கணக்குக்கும் மும்பையில் பிறந்த இஆர்பிநெக்ஸ்ட் என்று தொடங்கலாம்.

ஒரு பட்டறையால் இதற்கென ஆள் வைக்க முடியாது. இருபது பட்டறைகள் சேர்ந்தால் முடியும். சிட்கோ தொழிற்பேட்டைச் சங்கங்கள் பாலிடெக்னிக் முடித்த இருவரைப் பொதுவில் சம்பளத்துக்கு அமர்த்தட்டும்; உரிமக் கட்டணமாக வெளியே போகும் பணத்தில் ஒரு பகுதி திருவள்ளூரிலேயே சம்பளமாகத் தங்கும். மென்பொருள் நிறுவனத்தை நம்பியிருந்த நிலை மாறி, அந்த இருவரை மட்டுமே நம்பியிருக்கும் நிலை வந்துவிடக் கூடாது. அதனால் கடவுச்சொற்கள் சங்கத்திடம் இருக்க வேண்டும். செய்த வேலை தமிழில் எழுதிவைக்கப்பட வேண்டும். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து தரவை மீட்டுக் காட்ட வேண்டும். இந்த மூன்றையும் வேலை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.